மிஸ்டர் பீனுக்கு முன்பே ரோவன் அட்கின்சன்

பகிரப்பட்டு வரும் ஒரு பதிவு சொல்வது இதுதான்: திக்குவாய் இருந்ததால், மிஸ்டர் பீனாக நடித்த ஆங்கில நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சனை எல்லா டிவி நிகழ்ச்சிகளும் நிராகரித்தன; பேச்சே தேவைப்படாத மிஸ்டர் பீன்தான் அவருக்கு முதல் வாய்ப்பு.

திக்குவாய் இருந்தது உண்மைதான், அவரே சொல்லியிருக்கிறார். வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதுதான் சரியல்ல, நண்பரே. மிஸ்டர் பீன் முதலில் ஒளிபரப்பானது 1990 ஜனவரி 1. அதற்குள் அவர் இங்கிலாந்தில் பெரிய நட்சத்திரம். 1979 முதல் 1982 வரை பிபிசியில் 'நாட் தி நைன் ஓ கிளாக் நியூஸ்' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி. அதற்காக 1981-ல் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டா. 1983-ல் தொடங்கி 1989 வரை 'பிளாக்காடர்' என்ற நகைச்சுவைத் தொடர், நான்கு சீசன். அதில் அவர் ஊமையாக வரவில்லை, வாயைத் திறந்தாலே நக்கல்தான்! 'பாப்' (Bob) என்ற பெயரை அழுத்தி வெடிப்பது போல உச்சரிப்பார். ஆங்கில 'B' ஒலி அவருக்குச் சிரமம், அதையே சிரிப்பாக மாற்றிவிட்டார்.

சரிபார்ப்பது சுலபம். பாஃப்டா தளத்தில் 1981 தொலைக்காட்சி விருதுகளைத் தேடினால் அவர் பெயர் வரும். அது வேண்டாமென்றால் யூடியூபில் பிளாக்காடர் காட்சி ஒன்றைப் போட்டு, தொடர் வந்த ஆண்டை மிஸ்டர் பீன் ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடிந்தால் பதிவிட்டவர் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடலாம்.