சர்வர் தேடியே விடிந்துவிடும்

திருகோணமலை உப்புவெளியில் இருந்துகொண்டு ரஸ்ட் என்ற இணைய விளையாட்டை விளையாட ஆசைப்பட்டது என் தலைவிதி. இரவு ஒன்பது மணிக்குக் கணினியின் முன் அமர்ந்தால், சர்வர் பட்டியலை மேலும் கீழும் உருட்டுவதிலேயே பத்தரை ஆகிவிடுகிறது. அதற்குள் அம்மா மேசையில் வைத்துவிட்டுப் போன இடியப்பமும் சொதியும் ஆறிப்போய்விடுகின்றன.

எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெரியும் கடலுக்கு அப்பால்தான் சர்வர்கள் உள்ள சிங்கப்பூர் இருக்கிறது, தூரம் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர், ஆகவே கண்ணாடி இழையில் ஒளி போய்வர 26 மில்லி விநாடி போதும் என்று கணக்குப் போட்டு மகிழ்ந்திருந்தேன். ஆனால் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, மாத்தறைப் பக்கமாதலால், நான் சுடும் ஒவ்வொரு தோட்டாவும் முதலில் நாட்டைக் கடந்து மறுகரைக்குப் போய்த்தான் கடலில் இறங்குகிறது. இயற்கைத் துறைமுகம் வைத்திருந்து என்ன பயன்?

பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம், சரியாக அமைந்தால் அங்கே ஆளில்லை. ஆளிருந்தால் வரிசையில் எனக்கு 140ஆவது இடம். புதியவர்களுக்கு உகந்தது என்று பெயரிலேயே எழுதிவைத்திருந்த ஒரு சர்வரில், நான் மரக்கதவுக்குப் பூட்டுப் போடுவதற்குள் எட்டுப் பேர் புகுந்து என் படுக்கைப் பையைக்கூட விட்டுவைக்கவில்லை.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை வரைபடம் அழிக்கப்படுவது விளையாட்டின் விதி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாராவாரம் அழிக்கும் சர்வர் என்பதைக் கவனிக்காமல், புதன் இரவு முழுவதும் விழித்திருந்து கல்வீடு கட்டி முடித்தேன். மறுநாள் கையில் ஒரு கல்லும் பந்தமுமாக, மீண்டும் வெறுங்கடற்கரையில் நின்றேன்.