லெவல் 3-ம் சில சிரிப்பு எமோஜிகளும்

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று செஸ் கிளாஸ் குரூப்பில் நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்தாயிற்று. என் மகள் செஸ் செயலியில் லெவல் 3 கம்ப்யூட்டரை ஜெயித்த ஸ்கிரீன்ஷாட்டை அங்கே போட்டேன். "லெவல் 3 கம்ப்யூட்டரை ஜெயிச்சதுக்கு ஸ்கிரீன்ஷாட்டா?" என்று கேட்ட கோச் சாருக்கும், கீழே வரிசையாகச் சிரித்து வைத்த பெற்றோருக்கும் வணக்கம்.

சார், "வாரம் ஒரு லெவல் ஏத்துங்க" என்று வீட்டுப்பாடம் கொடுத்ததே நீங்கள்தான்.

ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி. அந்த வெற்றியில் சத்தில்லை. லெவல் 3 சின்ன எண் என்பதால் அல்ல. லெவலைக் குறைத்தால் கம்ப்யூட்டர் கத்துக்குட்டி ஆகிவிடுவதில்லை, கத்துக்குட்டி போல நடிக்கிறது. பல செயலிகளுக்குள் இருக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமில் திறன் 0 முதல் 20 வரை. அதைக் குறைத்தால், நாலு நகர்வுகளையாவது அலசிவிட்டு, பகடை உருட்டியது போல சில சமயம் அதில் மட்டமான ஒன்றை எடுத்து வைக்கும். அன்றைக்கும் அப்படித்தான். ஏதோ பெரிய ஆட்டக்காரர் போல ஆடிக்கொண்டே வந்தது, திடீரென்று ராணியைச் சிப்பாய் வாயில் கொண்டுபோய் வைத்தது. என் மகள் வெட்டவில்லை. "அப்பா, இது ட்ராப்பா?" என்று ஐந்து நிமிடம் தேடினாள். ஒன்றுமில்லை, பிச்சை போட்டிருக்கிறது.

எந்தப் பத்து வயதுப் பிள்ளை இப்படித் தப்பு செய்யும்? பிள்ளைகள் செய்யும் தப்பே வேறு. செக் வைக்கும் ஆசையில் குதிரையை விடும். மூலையில் நிற்கும் பிஷப்பைப் பார்க்காது.

"1997-லேயே டீப் ப்ளூ கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்தது, லெவலைக் குறைக்காமல் குழந்தை எப்படி ஆடும்?" என்பீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. என் மாமா ராணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு "வாடா மாப்ள" என்பார். மிச்சக் காய்களை வைத்துக்கொண்டு ஈவு இரக்கமே காட்ட மாட்டார். மூன்று கோடை விடுமுறை தோற்றேன். ஒரு நாள் ஜெயித்தபோது, பையிலிருந்து அந்த ராணியை எடுத்து என் கையில் கொடுத்தார். விட்டுக்கொடுத்தது கண்ணெதிரே தெரிந்தது, அதனால் ஜெயித்ததும் நிஜமாக இருந்தது. இன்றைக்கு லீலா என்ற செஸ் புரோகிராமையும் அதே போல ராணி இல்லாமல் ஆடவிட்டிருக்கிறார்கள். மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் படித்து, அந்தந்த ரேட்டிங்காரர் (ரேட்டிங் என்பது ஆட்டத்திறனுக்கான எண்) எதை நகர்த்துவாரோ அதையே நகர்த்தப் பார்க்கும் மையா என்ற புரோகிராம் 2020-லேயே வந்துவிட்டது, 1100 ரேட்டிங் முதல் 1900 வரை. இலவசம்தான் சார். மாதக் கட்டணம் வாங்குகிறவர் ஒரு தடவை தேடிப் பார்த்திருக்கலாம்.

"உங்க பொண்ணு தோத்திருந்தா இதெல்லாம் எழுதுவீங்களா?" எழுதியிருக்க மாட்டேன். அதனால் என்ன?

ஸ்கிரீன்ஷாட் போட்டது நான். அவள் போடச் சொல்லவில்லை. ராத்திரி என் போனை வாங்கி அந்தச் சிரிப்பு எமோஜிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, யார் யார் என்று பார்த்தாள். அதில் இரண்டு பேர் அவளோடு படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். ஒன்றும் பேசாமல் போனைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இந்த மாதக் கட்டணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, வைத்துக்கொள்ளுங்கள்.