"எல்லாத்தையும் சமாளிச்சுடுவேன் சார்" என்று மட்டும் சொல்லாதீர்கள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் நாட்களில் ஹெச்.ஆர். பக்கத்தில் என்னையும் உட்கார வைத்துவிடுவார்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். "ஒரே நேரத்துல நாலு வேலை வந்தா என்ன பண்ணுவீங்க?" என்ற கேள்வி கண்டிப்பாக இருக்கும். பதிலும் அநேகமாக ஒன்றுதான். "ஐ ஆம் குட் அட் மல்டி டாஸ்கிங் சார். லிஸ்ட் போட்டு, பிரையாரிட்டி பண்ணி, எல்லாத்தையும் டைமுக்கு முடிச்சுடுவேன்." யூடியூபில் யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறார்கள். சரி, கடைசியாக அப்படி எதை முடித்தாய், எதைத் தள்ளி வைத்தாய் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

என்னைக் கேட்டால், அந்தக் கேள்விக்கு உள்ளே இருப்பது இதுதான்: எல்லாம் ஒன்றாக வரும்போது எதை விடுவாய், விட்டதை யாரிடம் போய்ச் சொல்வாய்? எதையுமே விடமாட்டேன் என்பவரை நம்பி ஒரு உற்பத்தி லைனை ஒப்படைக்க எனக்குப் பயம்.

கொஞ்ச நாள் முன்னால் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். டிப்ளமோ. அவளும் அதே மல்டி டாஸ்கிங் பாட்டைத்தான் பாடினாள். "வீட்ல என்னம்மா பண்றாங்க?" என்று சும்மா கேட்டேன். "மல்பெரி போட்டிருக்கோம் சார், புழு வளக்கறோம்" என்றாள், ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது போல. பரீட்சை சமயத்தில் என்ன செய்வாய் என்றதும்தான் உண்மையான பதில் வந்தது.

"புழுவோட அஞ்சாம் பருவம் பரீட்சையில வந்து விழாத மாதிரி, இளம்புழு வாங்குற தேதியை முன்னாடியே அப்பாகிட்ட பேசி ஒரு வாரம் தள்ளிடுவேன் சார். அஞ்சாம் பருவம் நடக்கிற வாரம் வேற எதையும் பாக்க முடியாது. புழு தோலுரிக்கிற நாள்ல தழை போடக்கூடாது, அன்னைக்குத்தான் ரெக்கார்டு நோட்டு எழுதுவேன். மழை பெஞ்சு தழை நனைஞ்சிருந்தா அதைக் காயவெக்கணும், அன்னைக்கு மட்டும் காலேஜுக்கு லீவு சொல்லிடுவேன்."

பட்டுப்புழு தெரிந்தவர்களுக்கு இந்தப் பதிலின் கனம் புரியும். நாலாவது தோலுரிப்பு முடிந்த பிறகு வருவதுதான் அஞ்சாம் பருவம்; அந்த ஏழெட்டு நாளில்தான் புழு தன் வாழ்நாள் தீனியில் 80 சதவீதத்துக்கு மேல் தின்கிறது. அதில் கோட்டைவிட்டால் தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோக நல்ல கூடு மிஞ்சாது. ஆள், நேரம், தழை எல்லாம் எங்கே இறுகும் என்று முன்கூட்டியே பார்த்து, தேதியை நகர்த்தி, வீட்டிலும் கல்லூரியிலும் சொல்லிவைத்திருக்கிறாள். எங்கள் பிரிவில் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதும் இதையேதான். இதை மறைத்து வைத்துக்கொண்டு யூடியூப் பதிலை ஏன் சொல்ல வேண்டும்?

மாம்பழ சீசனில் கூழ் ஆலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே அரியர் எழுதியவர்கள், ராயக்கோட்டை மண்டிக்கு விடியற்காலையில் தக்காளி ஏற்றிவிட்டு வகுப்புக்குப் போனவர்கள் நம் மாவட்டங்களில் எத்தனையோ பேர். அதுவும் அனுபவம்தான், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கஷ்டக் கதையாகச் சொல்லாதீர்கள். நிலைமையை இரண்டு வரியில் முடித்துவிட்டு, எதை முதலில் எடுத்தீர்கள், ஏன், எது தாமதமானது, அதை யாரிடம் சொன்னீர்கள் என்பதற்கு மீதி நேரத்தைக் கொடுங்கள். பயிற்சி வகுப்புகளில் ஸ்டார் (STAR) முறை என்று இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்: S நிலைமை, T பொறுப்பு, A நீங்கள் செய்தது, R விளைவு. நம் பிள்ளைகள் முதல் எழுத்தான நிலைமையிலேயே மூன்று நிமிடம் நின்றுவிடுகிறார்கள். இங்கிலீஷ் திக்கினால் "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேட்டுவிடுங்கள். நான் உட்காரும் பக்கத்தில் அதற்கு மார்க் குறைப்பதில்லை.

வேலை தொடர்பாகவே கேட்டால்? மெஷின் நின்றுவிட்டது, ஆடிட்டர் உள்ளே வந்துவிட்டார், லாரி கேட்டில் நிற்கிறது. யாருக்காவது அடிபடும் அபாயம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அடுத்து, நம் சரக்குக்காக வாடிக்கையாளரின் லைன் காத்திருக்கிறதா? வண்டிக் கம்பெனிகள் பாகங்களை மாதக்கணக்கில் அடுக்கி வைப்பதில்லை, லாரி தாமதமானால் அங்கே லைனே நிற்கும். ஆகவே லாரியை அனுப்பு, மெயின்டனன்ஸுக்குப் போன் போடு, ஆடிட்டருக்கு டீ கொடுத்து இருபது நிமிடம் கேள். மூன்றையும் நானே ஓடி ஓடிப் பார்ப்பேன் என்பது பதில் ஆகாது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் நேரம் வீணாகிறது என்று ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2001-லேயே சோதனை செய்து காட்டிவிட்டார்கள். லைன் சூப்பர்வைசருக்கு ஆய்வே தேவையில்லை, தினமும் பார்க்கிறார்.

இனி எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் சம்பளத்தில் வாங்குவதற்காகவே இந்தக் கேள்வியைக் கேட்கும் இடங்கள் உண்டு. பெண்களிடம் மட்டும் "கல்யாணம் ஆனா வீட்டையும் வேலையையும் எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆண்களிடம் இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு வீட்டுக் கதை சொல்லத் தேவையில்லை. "ஷிப்ட் நேரம் என்ன சார், நைட் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் எங்க ஊர் வரைக்கும் வருமா?" என்று பேச்சை வேலைக்குத் திருப்பிவிடுங்கள்.

கடைசியில் "ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். அப்போது இதைக் கேளுங்கள்: "எனக்கு வேலை சொல்றது ஒருத்தரா, ரெண்டு மூணு பேரா? ரெண்டு பேர் ஒரே நேரத்துல அவசரம்னு சொன்னா, யார் முடிவு பண்ணுவாங்க?" நல்ல மேலாளர் உடனே ஒரு பெயரைச் சொல்வார். "அதெல்லாம் நீங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்று சிரித்தால், ஆஃபர் லெட்டர் வந்தாலும் மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள்.