மூன்றாவது கப் வருகிறவருக்கு

போட்ஸ்வானாவின் தலைநகரம் கபரோனி. ஊர் ஓரத்தில் க்காலே என்று ஒரு குன்று. அதன் அடிவாரத்தில் ரமோட்ஸ்வே என்ற பெண் ஒரு துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறார். அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதிய 'தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி' நாவல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கையில் என்னென்ன இருந்தது என்பதை முதல் பக்கத்திலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு சின்ன வெள்ளை வேன், இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு பழைய டைப்ரைட்டர். அப்புறம் டீ போட ஒரு டீபாட், மூன்று கப். ஒன்று அவருக்கு, ஒன்று செக்ரட்டரிக்கு, மூன்றாவது வருகிற கட்சிக்காரருக்கு.

அந்த மூன்றாவது கப்பைப் படித்ததும் எனக்குப் புத்தகம் பிடித்துப்போய்விட்டது.

கட்சிக்காரர் என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். 1990களில் ஆறு வருடம் திருநெல்வேலியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே ஒரு குமாஸ்தா அண்ணாச்சி. வந்தவர் உட்கார்ந்ததும் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எந்த ஊரு, யாரு மகன், மழை உண்டா, வாழை எப்படி நிக்கு. இதற்குள் கடைப் பையன் டீ கொண்டுவந்து வைத்திருப்பான். பாதி டம்ளர் காலியாவதற்குள் அந்த ஆள் தானாகவே உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வக்கீலிடம்கூடச் சொல்லாத உண்மை. அண்ணாச்சி உள்ளே போய், "இது நிலத் தகராறு இல்ல சார், தம்பிகூடப் பேச்சு நின்னு போச்சு, அதுதான் வெவகாரம்" என்பார். நான் டைப் அடித்த பிராதில் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் இருக்கும். தம்பி பேசாமல் போன கதை இருக்காது.

மெக்கால் ஸ்மித்தின் இந்தப் புத்தக வரிசை, பிராதில் வராத அந்தக் கதையைத்தான் சொல்கிறது. முதல் புத்தகம் 1998இல் வந்தது. வரிசை இப்போது 20ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. என் அக்கா மகள் பெங்களூரிலிருந்து வரும்போது ரயிலில் படித்துவிட்டு எங்கள் வீட்டில் விட்டுப்போனாள். துப்பறியும் கதை என்றால் எனக்கு கணேஷ், வசந்த், அப்புறம் பஸ் ஸ்டாண்டில் வாங்கும் மாத நாவல்கள். முதல் பக்கத்தில் ஒரு பிணம் விழ வேண்டும். இதில் பிணத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், அப்படித் தேடுவதே எனக்கு மறந்துபோயிற்று.

முதல் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாப்பி பபெட்ஸி என்று ஒரு பெண். நல்ல வேலை, சொந்த வீடு. சிறு வயதில் விட்டுப்போன அப்பா ஒரு நாள் வாசலில் வந்து நிற்கிறார். மகள் உள்ளே அழைத்து, சமைத்துப் போட்டு, அறை கொடுத்து வைத்துக்கொள்கிறாள். நாளாக ஆக ஒரு சந்தேகம். இவர் நிஜமாகவே என் அப்பாவா? ம்மா ரமோட்ஸ்வே ஒரு நர்ஸ் உடையைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறார். உங்கள் மகளுக்கு விபத்து, ரத்தம் நிறையப் போய்விட்டது, அப்பாவின் ரத்தம்தான் வேண்டும், நிறைய எடுக்க வேண்டியிருக்கும், உங்கள் உயிருக்கே ஆபத்து வரலாம் என்கிறார். ஆள் பின்வாங்குகிறான். அப்பா இல்லை. அவ்வளவுதான் வழக்கு.

இது பைபிளில் வரும் சாலமோன் ராஜா காலத்து யுக்தி, குழந்தையை இரண்டாக வெட்டிப் பங்கு போடச் சொல்லி நிஜத் தாயைக் கண்டுபிடித்தாரே, அது. கைரேகை இல்லை, பரிசோதனைக் கூடம் இல்லை. ஒரு அப்பா எதைச் செய்வார், எதைச் செய்ய மாட்டார் என்று தெரிந்திருந்தால் போதும். அந்தப் பெண்ணை நினைத்து இரண்டு நாள் எனக்கு மனசு சரியில்லை. உண்மை தெரிந்துவிட்டது, சரி. அப்பா போய்விட்டாரே.

இந்தக் கதைகள் ஏன் போட்ஸ்வானாவில் இவ்வளவு பாந்தமாகப் பொருந்துகின்றன என்று யோசித்திருக்கிறேன். தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் பெரிய நாடு. மக்கள்தொகை சுமார் 25 லட்சம்தான். பெரும்பகுதி கலஹாரி பாலைவனம். மழை என்ன பாடுபடுத்துகிறது என்றால், நாணயத்துக்கே 'புலா' என்று பெயர், செட்ஸ்வானா மொழியில் மழை என்று அர்த்தம். இப்படி ஆள் குறைந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் யாருக்காவது சொந்தமாக இருப்பார்கள். ரமோட்ஸ்வேயின் துப்பறிதலில் பாதி இதுதான். இந்த ஊரா, அப்படியென்றால் இன்னாரைத் தெரிந்திருக்குமே, அவருடைய சித்தி மகள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்னால் வணக்கம் சொல்ல வேண்டும், ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று விசாரிக்க வேண்டும், பெண் என்றால் 'ம்மா', ஆண் என்றால் 'ர்ரா' என்று மரியாதை சேர்க்க வேண்டும். ம்மா என்று படிக்கும்போதெல்லாம் என் காதில் அம்மா என்றே விழுகிறது. இந்த மரியாதையை அலங்காரம் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கதையைத் தவறவிடுகிறார்கள். அவருடைய பூதக்கண்ணாடியே அதுதான். மரியாதை கொடுக்காதவனிடம் யாரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு 'தி கலஹாரி டைப்பிங் ஸ்கூல் ஃபார் மென்' புத்தகத்தில் வருகிறது. மொலெஃபெலோ என்று ஒரு பணக்காரர் வருகிறார். திருட்டுப் போயிருக்கிறது. ஆனால் திருடியது அவரேதான், அதுவும் பல வருடங்களுக்கு முன்னால். மாணவனாக கபரோனியில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தபோது அவர்கள் வீட்டு ரேடியோவைத் திருடிவிட்டார். அதே சமயத்தில் ஒரு பெண்ணைக் கர்ப்பமாக்கிக் கைவிட்டும் இருக்கிறார். அந்த இரண்டு பேரையும் கண்டுபிடித்துக் கொடுங்கள், செய்ததைச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்.

குற்றவாளியே காசு கொடுத்துத் துப்பறிவாளரை வைக்கிறான், தன்னைப் பிடிக்க அல்ல, தன்னால் அடிபட்டவர்களைத் தேட. எத்தனையோ வருடம் துப்பறியும் கதை படித்திருக்கிறேன், இப்படி ஒரு வழக்கைப் பார்த்ததில்லை. அந்த ரேடியோவின் விலை இன்று அவருக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? சாயந்திரம் எல்லோரும் சுற்றி உட்காரும் ஒரே பொருள். தங்க இடம் கொடுத்த பையன் எடுத்துப்போய்விட்டான் என்பது ரேடியோ போனதைவிடப் பெரிய நஷ்டம். நான் பார்த்த கோர்ட்டில் இந்த நஷ்டத்துக்கு மனுப் போட வழியே கிடையாது.

டைப்பிங் ஸ்கூல் என்றதும் ம்மா மகுட்ஸியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ரமோட்ஸ்வேயின் செக்ரட்டரி, வடக்கே போபோனோங் ஊர்க்காரி. பெரிய வட்டக் கண்ணாடி. போட்ஸ்வானா செக்ரட்டேரியல் கல்லூரியில் இறுதித் தேர்வில் 97 சதவீதம். அந்த 97ஐ அவர் எங்கே போனாலும் சொல்வார். வெளியே வந்து வேலை தேடினால், 50 சதவீதத்தைக் கஷ்டப்பட்டுத் தொட்ட பெண்களுக்கு முகத்தைப் பார்த்து வேலை கொடுக்கிறார்கள். படிக்கிறவர்கள் அந்த 97ஐப் பார்த்துச் சிரிப்பதுண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ், இங்கிலீஷ் டைப்பிங் இரண்டிலும் ஹையர் முதல் வகுப்பு வாங்கிய சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஒரு கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். உறையைப் பிரிக்கக்கூட விடவில்லை. நிறமும் பல்லும் அவர்களுக்குப் போதுமானதாக இல்லை. மகுட்ஸி ஏன் அந்த எண்ணை விடவே மாட்டேன் என்கிறார் என்று எனக்குத் தெரியும். அவர் கையில் இருந்த ஒரே சாட்சி அது.

அதே மகுட்ஸிதான் பிறகு ஆண்களுக்கு மட்டும் சாயந்திர டைப்பிங் வகுப்பு நடத்துகிறார். பெண்கள் வேகமாக அடிக்கும் இடத்தில் தட்டுத்தடுமாற ஆண்களுக்குக் கூச்சம் என்று கண்டுபிடித்தது அவர்தான். ஆசிரியர் இதை எழுதும்போது அந்த ஆண்களையும் அவமானப்படுத்தவில்லை. விசையில் விரல் வைக்கத் தயங்கும் நடுவயது மனிதர்களைப் பரிவோடு காட்டுகிறார்.

சரி, இதெல்லாம் ரொம்ப இனிப்பு இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோவில் பிறந்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சட்டப் பேராசிரியராக இருந்த ஒரு வெள்ளைக்காரர், கறுப்பினப் பெண்ணின் மனதுக்குள் உட்கார்ந்து எழுதலாமா, ஆப்பிரிக்கா என்றால் டீயும் பூசணிக்காயும் மட்டும்தானா என்கிறார்கள். நியாயமான கேள்வி, நான் ஒதுக்கவில்லை. ரமோட்ஸ்வே பிறந்த ஊராகக் கதையில் வருவது மொச்சுடி. அதே மொச்சுடியில் 1994இல் 14 வயதுப் பள்ளிச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். மனித உறுப்புகளை வைத்து 'முட்டி' என்னும் மாந்திரீக மருந்து செய்வதற்காக என்று ஊரே கொதித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், அரசு ஸ்காட்லாந்து யார்டுவரை உதவிக்கு அழைத்தது. நான்கு வருடம் கழித்து வந்த மெக்கால் ஸ்மித்தின் முதல் புத்தகத்தில் இந்த இருட்டு இல்லாமல் இல்லை. ஒரு ஆசிரியரின் மகன் காணாமல் போகிறான், முட்டிக்காகத்தான் என்ற பயம் எல்லோருக்கும். ஆனால் கதையில் அந்தப் பையன் உயிரோடு கிடைக்கிறான். நிஜத்தில் அந்தச் சிறுமி உயிரோடு கிடைக்கவில்லை.

அதனால்தான் மெக்கால் ஸ்மித்தைப் படிப்பவர்கள் போட்ஸ்வானா எழுத்தாளர் யூனிட்டி டவையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டவ் மொச்சுடிக்காரர். வெளிநாட்டவரை மணந்த பெண்ணின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லை என்ற சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டு 1992இல் ஜெயித்தவர். பிறகு நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கே முதல் பெண் நீதிபதி. மத்திய கலஹாரியிலிருந்து வெளியேற்றப்பட்ட சான் பழங்குடி மக்களுக்கு ஆதரவாக 2006இல் தீர்ப்பு வந்தபோது அந்த அமர்வில் இருந்த மூவரில் ஒருவர். அவருடைய 'தி ஸ்க்ரீமிங் ஆஃப் தி இன்னசென்ட்' நாவலில், காணாமல் போன சிறுமியின் துணிகள் ஐந்து வருடம் கழித்து ஒரு கிளினிக்கில் பழைய பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எடுத்தது ரமோட்ஸ்வேயைத்தான். இருட்டிலிருந்து தப்பி ஓடுவதற்காக எடுத்தேன் என்று யாராவது சொன்னால் மறுப்பேன். இவ்வளவும் நடக்கிற ஊரில் மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படி நம்பி வாழ்கிறார்கள் என்று கேட்கத்தான் எடுத்தேன். அந்தக் கேள்விக்கு டவின் நாவலில் இடமில்லை. அது வேறு வேலை செய்கிறது.

இதே குடும்பத்தில் இன்னொன்று, தென்னாப்பிரிக்காவில் சின்னக் கரூ என்னும் வறண்ட பகுதியில் நடக்கும் 'ரெசிப்பீஸ் ஃபார் லவ் அண்ட் மர்டர்'. சாலி ஆண்ட்ரூ எழுதியது. டானி மரியா, அதாவது மரியா அத்தை, பத்திரிகையில் சமையல் குறிப்போடு ஆறுதலும் சொல்வார். நன்றாகவே இருக்கிறது, ஆனால் அதில் கொலை உண்டு. எனக்கு ரமோட்ஸ்வேதான்.

முதல் புத்தகத்தை எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் கதை நின்றுவிட்ட மாதிரி இருக்கும். ரமோட்ஸ்வேயின் அப்பா ஓபெட் பேசத் தொடங்குவார். தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்குப் போனது, பூமிக்குள் வேலை பார்த்தது, சம்பளத்தைச் சேர்த்து மாடு வாங்கியது, நெஞ்சுக்குள் தூசி போய் உட்கார்ந்தது. அந்த நாட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக அப்படிப் போனவர்கள். சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டவர்களுக்காக நடந்த பெரிய வழக்கில் 500 கோடி ராண்ட் இழப்பீட்டுக்கு ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது 2019இல்தான். போட்ஸ்வானாவிலிருந்து போனவர்களும் அதில் சேர்த்தி. எத்தனை ஓபெட்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

மகளுக்கு அவர் விட்டுப்போனது 180 மாடுகள். விற்று ஒரு தொழில் செய், கறிக்கடை வை என்கிறார் மரணப் படுக்கையில். மகள், துப்பறியும் நிறுவனம் தொடங்கப் போகிறேன் என்கிறாள். ஓபெட்டின் கண்கள் விரிகின்றன. ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், முடிக்கும் முன்பே உயிர் போய்விடுகிறது. என்ன சொல்ல வந்தார் என்பதை இத்தனை புத்தகத்திலும் யாரும் துப்பறியவில்லை. அந்த ஊர் இங்கிலீஷில் ஒருவர் இறந்துவிட்டார் என்று பச்சையாகச் சொல்வது குறைவு, 'லேட்' ஆகிவிட்டார் என்பார்கள். நம் பக்கம் தவறிட்டாங்க என்கிற மாதிரி. ரமோட்ஸ்வே அப்படிச் சொல்லி அப்பாவைப் பேச்சில் இழுக்காத நாளே இல்லை. மாட்டைப் பார்த்தால், மழை பெய்தால், நல்ல மனிதர் ஒருவரைச் சந்தித்தால் ஓபெட் வந்துவிடுவார். அந்த இரண்டாம் அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு மூன்றாவதுக்குப் போய்விடாதீர்கள்.

என்னிடம் வரிசையின் முதல் ஆறு புத்தகங்கள் இருக்கின்றன. பாளையங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் வந்து எடுத்துப்போகலாம். பதிலுக்கு யாரிடமாவது யூனிட்டி டவின் முதல் நாவல் 'ஃபார் அண்ட் பியான்' இருந்தால் கொடுங்கள். ரொம்ப நாளாகத் தேடுகிறேன், ஒரு மாதத்தில் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுகிறேன். வரும்போது டீ உண்டு.