'ஊபி காரிதாஸ்' மெட்டு யெய்லோவின் சொந்த மெட்டுதான்

நார்வேயில் பிறந்த பியானோ கலைஞர் ஓலா யெய்லோவின் 'ஊபி காரிதாஸ்' என்ற பாடகர் குழுப் பாடலைப் பற்றி ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் மெட்டு பழங்கால கிரிகோரியன் மெட்டாம், அதாவது கத்தோலிக்கத் தேவாலயங்களில் ஒரே குரலோட்டமாகப் பாடப்பட்ட பழைய வழிபாட்டு மெட்டாம். அதை நான்கு குரல்களுக்குப் பிரித்துக் கொடுத்தது மட்டும்தான் அவர் வேலையாம். இது தவறு.

பழமையானவை லத்தீன் வரிகள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் கத்தோலிக்கர்கள் நெடுங்காலமாகப் பாடிவருபவை. அவற்றுக்கென ஒரு பழைய மெட்டும் உண்டு, சரி. ஆனால் அந்த மெட்டை எடுத்தாண்டவர் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் துருஃப்லே. கிரிகோரியன் மெட்டுகளை வைத்து 1960-இல் அவர் வெளியிட்ட நான்கு மோட்டெட்டுகளில் (பாடகர் குழுவுக்கான சிறிய பக்திப் பாடல்கள்) முதலாவது அது. குழப்பம் இங்கேதான் வந்திருக்க வேண்டும்.

யெய்லோ பள்ளிப் பாடகர் குழுவில் சேர்ந்தபோது முதலில் பாடியதே துருஃப்லேயின் அந்தப் படைப்பைத்தான். அதன் பாதிப்பு தன் இசையில் இருப்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வடிவத்திலும், குரல் ஏறி அடங்கும் விதத்திலும் அதன் சாயல் தெரியும். மெட்டு மட்டும் முழுக்க அவருடையது. கிரிகோரியன் இசையின் மணத்தை எடுத்துக்கொண்டார், சுரங்களை அல்ல. கேட்டால் பழையது போலத் தோன்றும்படி புதிதாக எழுதுவது எவ்வளவு கடினம்! அந்த உழைப்பை மறைத்துவிடுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

1978-இல் பிறந்த யெய்லோ, 2001-இல் நியூயார்க்கின் ஜூலியார்டு பள்ளியில் படிக்கப் போனார். பியானோவில் அந்தந்த நேரத்துக் கற்பனையில் வாசிப்பது அவருக்குக் கைவந்த கலை. இதே பாடலைக் குழு பாடும்போது, மேலே தன் கற்பனையை வாசித்துச் சேர்த்ததும் உண்டு.

நிகழ்ச்சித் தாளில் 'பழைய மெட்டு' என்று அச்சிடும் பாடகர் குழுக்கள் 'வரிகள்: மரபு, இசை: ஓலா யெய்லோ' என்று திருத்திக்கொள்ளலாம்.