காது உடைந்த ஹெட்லைட்டுக்காக ஒரு காரையே கழித்துக் கட்டினார்கள்

"டோட்டல் லாஸ் சார். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்." பதினோரு நாள் காத்திருந்த பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த போன் இது. டோட்டல் லாஸ் என்றால், ரிப்பேர் செய்ய லாயக்கில்லை என்று காரையே கழித்துவிடுவது. அந்தக் காரை வாங்க நான் ஒன்பது வருடம் காசு சேர்த்தேன். இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், ஜெர்மன் தயாரிப்பு, செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் எனக்கு அதுதான் எல்லாம். சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து நின்றது இருபது நிமிடம், போனில் நாற்பது படம் எடுத்தார், காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான், கார் செத்துவிட்டது என்று முடிவு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது, கியர் விழுகிறது, நான்கு சக்கரமும் உருளுகிறது, ஆனாலும் காகிதத்தில் அது பிணம்.

நடந்தது இதுதான். கோவையில் நீலாம்பூர் தாண்டி அவினாசி சாலையில் இரவு பத்தரை மணிக்கு எதிர்த்திசையில் விளக்கே இல்லாமல் ஒரு பைக் வந்தது. வலப்பக்கம் ஒடித்தேன், முன்பக்க வலது மூலை மீடியனில் மோதியது. பைக்கில் வந்த பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதற்காக இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். பம்பர், வலது ஃபெண்டர், ஒரு ரேடியேட்டர், வலது பக்க சஸ்பென்ஷன் ஆர்ம், ஒரு ரிம், இரண்டு ஏர்பேக். ஏர்பேக் வெடித்தால் அதோடு சீட் பெல்ட்டை இறுக்குகிற கருவியும் வெடிக்கும், டேஷ்போர்டும் பிளக்கும், அதற்கான கன்ட்ரோல் யூனிட்டையும் மாற்றவேண்டும். அது செலவுதான், மறுக்கவில்லை.

கணபதியில் எனக்குத் தெரிந்த டிங்கர் அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பது வருடமாக இதே வேலை, கரி ஸ்பீட்வேயில் ஓடிய ரேஸ் கார்களுக்கும் ஒரு காலத்தில் வேலை பார்த்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஷோரூம் பாடி ஷாப்பில் காரைக் காட்டினேன். அவர் முதலில் உடைந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. வலது கதவைத் திறந்து மெதுவாக மூடினார். 'டப்' என்று ஒரே சத்தத்தில் உட்கார்ந்தது. கதவுக்கும் கூரையைத் தாங்குகிற பில்லருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் சுண்டுவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழ் வரை இழுத்துக்கொண்டு போனார், அப்புறம் இடது கதவிலும் அதே மாதிரி. "பில்லர் ஒரு மில்லி கூட நகரலைங்க தம்பி. கூடு நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகுதான் முன்னால் வந்து ஹெட்லைட்டைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்கினார். கண்ணாடியில் கீறல்கூட இல்லை. உள்ளே எல்.இ.டி. எல்லாம் எரிகிறது. பின்பக்கம் பாடியில் மாட்டுகிற பிளாஸ்டிக் காது ஒன்று, கட்டைவிரல் அளவு, அது மட்டும் உடைந்திருந்தது.

அந்தக் காதுக்கு ஷோரூம்காரர்கள் போட்ட எஸ்டிமேட் 3 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். காதைத் தனியாகக் கொடுக்கமாட்டார்களாம், முழு ஹெட்லைட்டாகத்தான் வருமாம். "ஒட்டலாமே" என்றால் கம்பெனி அனுமதி இல்லையாம். இந்த மாதிரி கார்களில் எல்லாமே இப்படித்தான், பத்து ரூபாய் கிளிப் உடைந்தால் பத்தாயிரம் ரூபாய் சாமானை மாற்றச் சொல்வார்கள், அதுவும் ஜெர்மனியிலிருந்து வரும், இறக்குமதி வரி சேரும், மூன்று மாதம் ஆகும், அதுவரை கார் அவர்கள் இடத்தில் நிற்கும். எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் 25 லட்சத்து 40 ஆயிரம்.

சரி, இப்போது கணக்கைப் பாருங்கள், இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. நம் ஊர் மோட்டார் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒன்று இருக்கிறது, கார் முழுசாகப் போனால் கம்பெனி கொடுக்கிற உச்சத் தொகை. ஷோரூம் விலையில் வருடத்துக்கு வருடம் கழிப்பார்கள்: முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, பிறகு 20, 30, 40, நாலு வருடம் தாண்டினால் 50. என் கார் ஐந்தாவது வருடத்தில் இருக்கிறது. இன்றைய ஷோரூம் விலை 72 லட்சம், பாதி போட்டால் 36 லட்சம். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். 36 லட்சத்துக்கு அந்தக் கோடு 27 லட்சத்தில் விழும். அதாவது 25 லட்சத்து 40 ஆயிரம் என்றால் ரிப்பேர் செய்துதான் ஆகவேண்டும்.

ஆனால் என் பாலிசியில் ஐ.டி.வி. 32 லட்சம். ஏன்? போன தடவை ரினியூவல் செய்யும்போது ஏஜென்ட் சொன்னார்: "ஐ.டி.வி. கொஞ்சம் குறைச்சுப் போட்டா பிரீமியத்துல ஏழாயிரம் மிச்சம் சார், எப்படியும் கிளெய்ம் வரப்போறதில்லை." அதைக் குறைத்தால் 75 சதவீதக் கோடும் சேர்ந்து கீழே இறங்கும், ஒரு நடுத்தர அடிக்கே கார் காயலான் கடைக்குப் போகும் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லவில்லை. 32 லட்சத்துக்குக் கோடு 24 லட்சம். எஸ்டிமேட் அதை 1 லட்சத்து 40 ஆயிரம் தாண்டிவிட்டது. அந்த ஹெட்லைட் ஒன்றை எஸ்டிமேட்டிலிருந்து எடுத்தால் 22 லட்சத்து 30 ஆயிரம், கார் பிழைத்திருக்கும். ஒரு பிளாஸ்டிக் காது! ஏழாயிரம் ரூபாய்! ராத்திரி படுத்தால் இந்த இரண்டும்தான் கண்முன் வருகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நிறைய பேர் ஜீரோ டெப், அதாவது சாமான் விலையில் தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர், எடுத்துவிட்டால் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ரிப்பேர் நடந்தால்தான் அதற்கு மதிப்பு. டோட்டல் லாஸ் ஆகிவிட்டால் ஐ.டி.வி.க்கு மேல் ஒரு பைசா வராது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். ஜீரோ டெப் இருந்தால் முழு விலையும் அவர்கள் தலையில் விழுகிறது, அப்போது அவர்களுடைய செலவு அந்த 75 சதவீதத்தைச் சீக்கிரம் எட்டிவிடுகிறது. கூடப் பணம் கட்டியவனுடைய கார்தான் முதலில் சாகிறது. வெளிச் சந்தையில் என் கார் மாதிரி ஒன்று வாங்க இன்றைக்கு 44 லட்சம் வேண்டும், எனக்குக் கிடைத்தது 32 லட்சம், அதிலும் பேங்க் கடன் பாக்கி முதலில் கழிந்தது. புதுக் காராக வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம்: தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலை உள்ள காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 20 சதவீதம், 80 லட்ச ரூபாய் கார் என்றால் 16 லட்சம், அது ஐ.டி.வி.யில் சேராது. இன்வாய்ஸ் விலையே திரும்பக் கிடைக்கிற ஒரு கூடுதல் கவர் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் புதுக் கார்களுக்குத்தான்.

இந்த மாதிரி கார்களை ஏன் இவ்வளவு சுலபமாகக் கழித்துவிடுகிறார்கள் என்று ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பதில் சால்வேஜில், அதாவது கழித்த காரின் மிச்சத்துக்குக் கிடைக்கிற விலையில், இருக்கிறது. அடிபட்ட காரை ஏலம் விடுவார்கள். சாதாரண சின்னக் காரின் மிச்சத்துக்குப் பெரிய விலை வராது. ஸ்போர்ட்ஸ் கார் அப்படியில்லை, இன்ஜின், டபுள் கிளட்ச் கியர்பாக்ஸ், சீட், பிரேக், அந்த ஹெட்லைட் கூட, ஒவ்வொன்றுக்கும் நாடு முழுக்க ஆள் காத்திருக்கிறார்கள். என் காருக்கு ஏலத்தில் வந்தது 14 லட்சம். 32-இல் 14 போனால் கம்பெனிக்குக் கைநஷ்டம் 18 லட்சம்தான். ரிப்பேர் செய்தால் 25 லட்சத்துக்கு மேல், பிரித்துப் பார்த்த பிறகு உள்ளே இன்னும் அடி இருக்கிறது என்று ஷோரூம் இரண்டாவது எஸ்டிமேட் போட்டால் அதுவும் சேரும். எந்த சாமான் விலையைக் காட்டி ரிப்பேர் முடியாது என்கிறார்களோ, அதே சாமான் விலைதான் ஏலத்தில் அவர்களுக்குக் காசாகத் திரும்புகிறது. அப்படி இருக்கும்போது ஹெட்லைட்டை வெட்டி எஸ்டிமேட்டைக் குறைக்க யாருக்கு என்ன அக்கறை? ஷோரூம்காரர் எழுதிக் கொடுக்கிற காகிதம் முடிவு இல்லை, ஒவ்வொரு வரியாகப் பார்த்து எது மாற்றவேண்டும், எது ரிப்பேர் செய்யலாம் என்று பிரித்துச் சொல்லத்தான் சர்வேயருக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேலையை அவர் செய்யவே இல்லை.

எல்லாக் காரையும் ரிப்பேர் செய்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெக்லாரன் மாதிரி கார்பன் ஃபைபரில் வார்த்த கூடு இருக்கிற கார்களில் அடி எங்கே பட்டது என்று கண்ணுக்கே தெரியாது. இரும்பு வளையும், கார்பன் வளையாது, உள்ளுக்குள் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும், வெளியே பெயிண்ட் அப்படியே இருக்கும், அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். அலுமினியக் கூடு என்றால் இரும்பு வேலை நடக்கிற இடத்தில் வைத்துத் தட்டக்கூடாது, இரும்புத் தூள் ஒட்டினால் அங்கேயே அரிப்பு ஆரம்பிக்கும். பில்லரில் இருக்கிற கடினமான ஸ்டீலைச் சூடு காட்டி நிமிர்த்தினால் பலமே போய்விடும். கூட்டில் அடிபட்டிருந்தால் நானே அந்தக் காரில் என் மகளை உட்காரவைக்க மாட்டேன். ஆனால் என் காரில் அடி கூட்டில் இல்லை. அதை யாரும் அளந்துகூடப் பார்க்கவில்லை. அளக்கிற மேடை அதே பாடி ஷாப்பில் பத்தடி தள்ளி இருக்கிறது!

அடி எவ்வளவு என்பதற்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சன் 2011-இல் இங்கிலாந்தில் தன் மெக்லாரன் எஃப்1 காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதினார், காரில் தீயும் பிடித்தது. என் காரோடு ஒப்பிட்டால் அது நொறுங்கியே போன கார். இன்சூரன்ஸ் கம்பெனி 9 லட்சத்து 10 ஆயிரம் பவுண்ட் செலவு செய்து, ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, அதை ரிப்பேர் செய்து கொடுத்தது. ஏனென்றால் உலகத்திலேயே மொத்தம் 106 தான் செய்தார்கள், காரின் மதிப்பு ரிப்பேர் செலவைவிடப் பல மடங்கு. 2015-இல் அதே கார் 80 லட்சம் பவுண்டுக்கு விலை போனது. விலை ஏறுகிற கார் எரிந்தாலும் பிழைக்கும், விலை இறங்குகிற கார் காது உடைந்தாலே சாகும்.

என்னை இன்னும் அதிகமாக எரியவைப்பது, வேறு வழிகள் இருந்ததே எனக்குத் தெரியாமல் போனதுதான். சால்வேஜ் மதிப்பைக் கழித்துக்கொண்டு மிச்சப் பணத்தோடு காரையும் நம்மிடமே விட்டுவிடுகிற முறை இருக்கிறது. எனக்கு 18 லட்சமும் காரும் கிடைத்திருக்கும். டிங்கர் அண்ணன் பழைய சாமான் தேடி, உக்கடத்தில் இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை, அங்கேயும் இல்லாவிட்டால் டெல்லி என்று அலைந்து, ஏர்பேக் மட்டும் புதிதாகப் போட்டு, பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் முடித்துக் கொடுத்திருப்பார். ஒருவரும் சொல்லவில்லை. தினமும் பார்க்கிங் சார்ஜ் ஏறுகிறது, இ.எம்.ஐ. ஒரு பக்கம், "சீக்கிரம் சம்மதம் குடுங்க சார்" என்று நாளைக்கு மூன்று போன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனி மேல் புகார் விசாரிக்கிற ஆம்பட்ஸ்மேன் வரை போகலாம், பணம் எதுவும் கட்டவேண்டாம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பணக்காரன் புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற சின்னக் கார்களுக்கும் இதே கதைதான். ஒயரிங், கன்ட்ரோல் யூனிட், சீட் என்று எஸ்டிமேட் போட்டால் எட்டு வருட ஆல்டோ உடனே 75 சதவீதத்தைத் தாண்டிவிடும், கிடைக்கிற பணத்தில் இன்னொரு கார் வாங்க முடியாது. எனக்காவது சம்பளம் வருகிறது, கால் டாக்சி ஓட்டுகிறவர் என்ன செய்வார்?

இங்கிலாந்தில் இப்படிக் கழித்த கார்களுக்கு வகை போடுகிறார்கள். கூட்டில் அடிபட்டது ஒரு வகை, படாதது ஒரு வகை, ரோட்டுக்கே திரும்ப வரக்கூடாதது வேறு வகை, அடுத்து வாங்குகிறவனுக்கு அது தெரியும். இங்கே என் காரை ஆர்.சி.யோடு ஏலம் விட்டிருக்கிறார்கள். இறந்துபோன கார் என்றால் அதற்கு எதற்கு ஆர்.சி.?

போன செவ்வாய்க்கிழமை ஏலத்தில் எடுத்தவர் வெளி மாநிலத்திலிருந்து போன் செய்தார், நல்ல மனிதர்தான், மரியாதையாகவே பேசினார். இரண்டாவது சாவி வேண்டுமாம், பெயர் மாற்றுகிற பாரத்தில் இன்னொரு கையெழுத்து வேண்டுமாம். பெயர் மாறாமல் அந்தக் கார் எங்காவது யாரையாவது இடித்தால் என் வீட்டுக்குத்தான் நோட்டீஸ் வரும் என்பதால் பாரத்தில் உடனே போட்டு அனுப்பினேன். காரைப் பிரித்து விற்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"பிரிக்கறதா? ஏன் சார், நல்ல வண்டி. ஒன்றரை மாசத்துல ரோட்டுல ஓடும்."

ஹெட்லைட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு காதுதானே சார் போயிருக்கு. ஒட்டிட்டோம்."

சாவி இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. நாளைக்குக் கூரியர் செய்யவேண்டும்.