நாலு ஓமுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர்

மேக்னபான் 1.7 ஸ்பீக்கர் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், அதற்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபையர் போதும் என்று போன வாரம் கேட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். வாட் கணக்கை மட்டும் நம்பி ஒரு பெட்டியை வாங்கிப் பணத்தையும் ஒரு கோடைக்காலத்தையும் வீணடித்தேன். ஆகவே அவரிடம் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மேக்னபான் போன்ற பிளேனர் (தட்டைப் படல) ஸ்பீக்கருக்கு சாலிட் ஸ்டேட், அதாவது வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்ட, ஆம்ப்ளிஃபையர் தேடுகிறவர், 8 ஓமில் அது தரும் வாட் 4 ஓமில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறதா (ஓம் என்பது மின்தடையின் அளவு; அது பாதியானால் ஆம்ப்ளிஃபையர் இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டும்) என்றும், அந்த இரட்டிப்பைச் சென்னையின் மின்சாரத்திலும் சென்னையின் வெயிலிலும் அது தாங்குமா என்றும்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பிளேனரில் சாதாரண ஸ்பீக்கரில் அசையும் கூம்பு கிடையாது. மெல்லிய மைலார் (பிளாஸ்டிக்) படலத்தின்மேல் கம்பியையோ அலுமினியப் பட்டையையோ ஒட்டி, எதிரே காந்தப் பட்டைகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். மின்னோட்டம் பாயும்போது படலம் முழுவதும் அசைந்து ஒலி எழுப்புகிறது. 3எம் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜிம் வைனி 1969இல் தொடங்கிய மேக்னபான், மினசோட்டாவில் இதைத்தான் செய்துவருகிறது. கூம்பு ஸ்பீக்கரின் மின்தடை சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். பிளேனரில் அது ஏறக்குறைய 4 ஓமிலேயே, வெறும் ரெசிஸ்டரைப் போல நிற்கிறது. ‘பிளேனர் ஆம்ப்ளிஃபையரையே கொன்றுவிடும்’ என்று பலர் பயமுறுத்துவார்கள். 1 ஓமுக்கு இறங்கிய அப்போஜி சின்டில்லா போன்ற பழைய ரிப்பன் ஸ்பீக்கர்கள் சம்பாதித்துக்கொடுத்த கெட்ட பெயர் அது என்று நினைக்கிறேன். மேக்னபான் கொடுமைக்கார மாமியார் அல்ல. பசி மட்டும் அதிகம்.

அந்தப் பசியைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1.7இன் உணர்திறனை, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எழும் ஒலி அளவை, 2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபெல் என்று குறிப்பிடுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓமில் அதுவே 2 வாட். ஆகவே உண்மையில் 1 வாட்டுக்குக் கிடைப்பது 83 டெசிபெல்தான். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் வாட் இரட்டிக்கும், 10 டெசிபெல்லுக்குப் பத்து மடங்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதை நீங்களே போட்டுக்கொள்ளலாம். நான் வழக்கமாகக் கேட்கும் அளவில் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் 2 வோல்ட்டுக்கும் 3 வோல்ட்டுக்கும் இடையில் ஆடியது. அதாவது தோராயமாக 2 வாட். இதற்கா நூறு வாட் என்று தோன்றும். ஆனால் நல்ல கச்சேரிப் பதிவில் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஒரு அடி, சராசரியைவிட 15 முதல் 20 டெசிபெல் வரை எழும்பக்கூடும். 20 டெசிபெல் என்றால் நூறு மடங்கு. 2 வாட் கண்ணிமைக்கும் நேரத்துக்கு 200 வாட் ஆகவேண்டும். 4 ஓமில் 200 வாட்டுக்கு மின்னோட்டத்தின் உச்சம் 10 ஆம்பியர். அதைக் கொடுக்க வக்கில்லாத ஆம்ப்ளிஃபையரில் மிருதங்கம் அட்டைப்பெட்டியாகிவிடும்.

நான் முதலில் வாங்கியது, வீட்டில் சினிமா பார்க்க விற்கும் ஏழு சேனல் ஏவி ரிசீவர். சேனலுக்கு 150 வாட் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருந்தது. 6 ஓமில், ஒரே ஒரு சேனலை மட்டும் இயக்கி, 10 சதவீதச் சிதைவோடு எடுத்த அளவு என்ற செய்தி கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. மே மாதம் இரவு எட்டு மணி, நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடிக்கொண்டிருக்க, தனி ஆவர்த்தனம் சூடு பிடித்து மோராவுக்கு (முடிவுக்கு முந்தைய சொற்கட்டுக்கு) வரும்போது ‘டக்’ என்று ரிலே (ஸ்பீக்கரைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து, புரொடெக்ஷன் விளக்கு சிமிட்டியது. அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே இடத்தில் ‘டக்’. விற்ற கடையில், பின்புறம் உள்ள சுவிட்சை 4 ஓமுக்குத் தள்ளச் சொன்னார்கள். தள்ளியதும் ரிலே விழவில்லை, பாட்டிலும் உயிரில்லை. இப்படிப்பட்ட சுவிட்ச் பெரும்பாலும் உள்ளே வோல்ட்டேஜைக் குறைத்துப் பெட்டி சூடாகாமல் பார்த்துக்கொள்வதோடு சரி, கூடுதல் மின்னோட்டம் எதையும் தந்துவிடாது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக் கழற்றியவர், டிரான்ஸ்ஃபார்மரை ஒரு விரலால் தட்டிக் காட்டி, “ஏழு சேனலுக்கும் சேத்து இது ஒண்ணுதான் சார்” என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தத் தெருவில் செட் போடுகிறவர்கள் வாட் என்று பேச மாட்டார்கள். ‘24-0-24, அஞ்சு ஆம்ப்ஸ்’ என்று டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். 48 வோல்ட், 5 ஆம்பியர், ஆக 240 விஏ (வோல்ட்-ஆம்பியர்). இரண்டு சேனலிலும் நூறு நூறு வாட் தொடர்ந்து இழுத்தால் இது திணறும். இசை அப்படித் தொடர்ந்து இழுப்பதில்லை என்பதாலும், கெப்பாசிட்டர்கள் அவ்வப்போது கைகொடுப்பதாலும்தான் தாக்குப்பிடிக்கிறது. சி5200, ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டை ஒழுங்கான ஹீட்சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில்) முறுக்கி, இரண்டு சேனலுக்கும் தனித்தனி டொராய்டல் (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் கொடுத்து அங்கே நல்ல கைக்காரர் ஒருவர் செய்து கொடுத்தால், பளபளப்பான ரிசீவர்கள் பலவற்றைவிட அது பிளேனருக்குப் பொருந்தும் என்று தயங்காமல் சொல்வேன்.

மின்சாரத்துக்கு வருகிறேன். வழக்கமான ஆம்ப்ளிஃபையரின் உள் வோல்ட்டேஜ், சுவரில் வருவதற்கேற்ப இறங்கும். கோடை இரவுகளில் எங்கள் வீட்டில் 200 வோல்ட்டைப் பார்த்திருக்கிறேன். 230க்கு 200 என்பது 13 சதவீதக் குறைவுதான். ஆனால் வாட் வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 100 வாட் சுமார் 75 ஆகிவிடும். காதுக்கு அது வெறும் 1.2 டெசிபெல் என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ஆம்ப்ளிஃபையரை அந்த 1.2தான் தள்ளிவிடுகிறது, அப்படித் தள்ளப்பட்டு அலையின் தலை வெட்டுப்படும்போது உண்டாகும் கூடுதல் மேல்சுருதிகள் ட்வீட்டர் (உச்சஸ்தாயி ஒலிக்கான) பட்டையில் போய் விழுகின்றன. ஸ்பீக்கரில் ஃப்யூஸ் இருந்தால் அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றிவைக்கும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் கொண்டுவரும் ஸ்பீக்கரைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அதே பெட்டியில் வரும் 120 வோல்ட் ஆம்ப்ளிஃபையருக்கு இன்னொரு கனத்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேட வேண்டியிருக்கும் என்பதால் அதை அன்போடு மறுத்துவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் வகைகளைப் பற்றி இரண்டே வார்த்தை. கிளாஸ் ஏ இனிமையானது. பாட்டே போடாத நேரத்திலும் முழு மின்சாரத்தையும் வெப்பமாக்கும் ஒன்றை மே மாதத்தில் கூடத்தில் வைப்பது அடுப்பை ஏற்றிவைத்து ஏசி போடுவதற்குச் சமம். டிரான்சிஸ்டர்களை மிக வேகமாக அணைத்துப் போட்டு இயங்கும் கிளாஸ் டி அவ்வளவாகச் சூடாகாது. பழைய கிளாஸ் டி வடிவமைப்புகள் சிலவற்றில் ஸ்பீக்கரின் மின்தடைக்கேற்ப உச்சஸ்தாயி மாறும் குறை உண்டு; அவுட்புட் ஃபில்டருக்குப் பின்னிருந்து ஃபீட்பேக் எடுத்து, வெளிவருவதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஹைபெக்ஸ், பியூரிஃபை நிறுவனங்களின் போர்டுகளில் அது ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. கிளாஸ் டி என்றதும் முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நான் எடுத்தது வழக்கமான கிளாஸ் ஏபிதான். பத்தாண்டு கழித்துக் கெட்டாலும் ரிச்சி தெருவில் பிரித்துப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக. அதில் பார்க்க வேண்டியது பயாஸ், அதாவது பாட்டில்லாத நேரத்திலும் டிரான்சிஸ்டரில் ஓடவிடும் சிறு மின்னோட்டம். கச்சேரி முடிந்து கைதட்டல் எழுவதற்கு முன் தம்புரா மட்டும் சன்னமாகக் கேட்கும் அந்த இடத்தைப் போட்டுப் பாருங்கள். பயாஸ் குறைவாக வைத்த ஆம்ப்ளிஃபையரில் தம்புராவின் தந்திக்கடியில் வைக்கும் ஜீவா நூலின்மேல் மணலைத் தூவியது போல் இருக்கும்.

ஒயருக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஐந்து மீட்டர் போய் வந்தால், தடை 0.07 ஓமை ஒட்டித்தான் இருக்கும். 4 ஓமுக்கு அது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

இப்போது என்னிடம் இருப்பது பழைய இரண்டு சேனல் பெட்டி, 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 190, எடை 22 கிலோ. இரண்டாம் மாடிக்கு நானும் காவலாளி அண்ணனும் சேர்ந்து ஏற்றினோம். 190 என்பது நான் மேலே போட்ட 200க்குச் சற்றுக் குறைவுதான். அதனால் குரலை ஒரு நூல் குறைத்து வைத்துக் கேட்கிறேன். அதே தனி ஆவர்த்தனம், அதே மோரா, போன மே மாதம் 204 வோல்ட்டில் முழுதாக ஓடியது. மேலே ஓர் அடி இடம் விட்டிருக்கிறேன்; காற்றுத் துளைகளில் கொசுவலைத் துண்டை ஒட்டியது, சூட்டைத் தேடி உள்ளே போன பல்லி ஒன்று ஒரு முறை ஃப்யூஸைப் போக்கிய பிறகு.